அம்மாவின் கையை வரைந்தேன், அக்கா கோபித்துக்கொண்டாள்

காயாததாள் (செவ்வாய், இரவு 11:20)

நான்கு வருடமாக அம்மா என் பொறுப்பில். வயது 78, மறதிநோய். காலையில் அரைநாள் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை, மற்ற நேரமெல்லாம் அம்மா. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற பத்து நிமிடம், இருபது நிமிடத்தில் நீர்வண்ணம் தீட்டுவேன். விற்பதற்கில்லை, கண்காட்சிக்குமில்லை. சும்மா.

போன வாரம் மதியம் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே வலது கை மட்டும் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நரம்பும் சுருக்கமும் அப்படியே எழுந்து நின்றன. வரைந்தேன். எனக்கே நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

அக்காவிடமிருந்து இரண்டு செய்தி வந்தது. முதலாவது: "அம்மா தூங்குறப்போ இதுதான் வேலையா உனக்கு?" ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது: "வரையறதுக்கு அம்மாகிட்ட கேட்டியா?"

நான் "சரிக்கா" என்று பதில் போட்டேன். எந்தக் கேள்விக்கு அந்தச் சரி என்று எனக்கே தெரியவில்லை.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு வேலை செய்தேன். காலையிலிருந்து எத்தனை முறை "சரி" சொல்கிறேன் என்று எண்ணினேன். மருத்துவர் மாத்திரையை மாற்றினார், சரி. அம்மா மூன்றாவது தடவையாகக் குளிக்க மாட்டேன் என்றாள், சரி. பெரியப்பா தொலைபேசியில் வைத்தியம் சொன்னார், சரி. 31 வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன், அப்போது மணி மாலை 4 கூட ஆகவில்லை. நான் ஒரு காலத்தில் எதற்கும் லேசில் சரி சொல்லாத ஆள். அரசியலோ ஆட்டமோ, விடிய விடிய வாதாடுவேன். அந்த ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை.

வரைந்தது தப்பா, அனுப்பியது தப்பா, சரி என்று சொன்னது தப்பா? மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்.


ஒற்றைக்கண்ணி (செவ்வாய், இரவு 11:52)

தம்பி, வரைந்தது தப்பே இல்லை. முதலில் அதை முடித்துவிடுவோம்.

எனக்கு மாமியார். ஐந்தாவது வருடம். முன்பெல்லாம் நிட்டிங் போடுவேன். ஊசியில் ஒரே நேரத்தில் அறுபது, எழுபது கண்ணி, அதாவது முடிச்சு விழாத நூல் வளையம், உயிரோடு நிற்கும். "தண்ணி" என்று ஒரு குரல் வந்து எழுந்தால் ஊசி நழுவும், நாலு கண்ணி அவிழும், திரும்பி வந்து அதைக் கோத்தெடுக்கவே அரை மணி நேரம். இரண்டு ஸ்வெட்டரைப் பாதியில் விட்டேன். அப்புறம் குரோஷாவுக்கு, கொக்கி ஊசிப் பின்னலுக்கு, மாறினேன். அதில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதைக் கொஞ்சம் நீட்டி இழுத்து ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டால் மூன்று நாள் கழித்து வந்து எடுத்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும். என் பெயர்க் காரணமும் அதுதான்.

எது பிடிக்கும் என்று பார்த்துத்தான் எல்லோரும் ஒரு கலையைத் தேர்ந்தெடுப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் எதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழலாம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு நிட்டிங்தான் பிடிக்கும், இன்றைக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.


வெளிப்படை (புதன், காலை 6:40)

எல்லோரும் தடவிக் கொடுப்பீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். அக்கா கேட்டதில் என்ன தப்பு? பெற்றவளைப் பார்ப்பது கடமை. கடமை முடிந்த பிறகுதான் பொழுதுபோக்கு. என் அம்மா என் பாட்டியை 11 வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு நாள் கூட "எனக்கென்று நேரம் வேண்டும்" என்று சொன்னதில்லை. படம் வரைந்ததுமில்லை, பாட்டு எழுதியதுமில்லை. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்து, ஒரு புலம்பல்.


ஒற்றைக்கண்ணி (புதன், காலை 7:15)

உங்கள் அம்மா சொன்னதில்லை, சரி. நீங்கள் கேட்டதுண்டா?


பழையசெவிலி (புதன், காலை 9:30)

32 வருடம் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

"தூங்கும்போது இதுதான் வேலையா" என்பது பார்த்துக்கொள்ளாதவர்கள் கேட்கிற கேள்வி. தூங்குகிறவரை என்ன செய்ய முடியும்? தானாகப் புரண்டு படுக்க முடியாதவராக இருந்தால் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிவிட வேண்டும். இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி இவற்றில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. (கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ளதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.) இதெல்லாம் செய்து முடிக்கப் பத்து நிமிடம். மீதி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால்தான் நல்ல மகனா?

அடுத்தது, "அம்மாகிட்ட கேட்டியா?" இதை மட்டும் ஒதுக்கித் தள்ளாதீர்கள். அக்கா எந்த எண்ணத்தில் கேட்டிருந்தாலும் அது நல்ல கேள்வி. மறதிநோய் வந்துவிட்டால் எதற்கும் சம்மதம் சொல்லத் தெரியாது என்று குடும்பத்தில் முடிவு கட்டிவிடுவோம். அப்படியில்லை. பணக்கணக்கு புரியாதவருக்கு எந்தச் சேலை கட்டலாம் என்பது தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அன்றன்றைக்கும் பார்க்க வேண்டும். பலருக்குக் காலையில் தெளிவு இருக்கும், பொழுது சாயச் சாயக் குழப்பமும் பதற்றமும் ஏறும். ஆகவே காலையில் கேளுங்கள். "உன்னை வரையட்டுமா" என்று வெறும் சொல்லில் கேட்டால் பிடிபடாமல் போகலாம். படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். முகம் சுளிக்கிறதா, மலர்கிறதா என்று பாருங்கள்.


காயாததாள் (புதன், மதியம் 1:10)

நன்றி அம்மா. அனுப்பியது தப்பு என்று எனக்கும் இப்போது படுகிறது. என் கை என்றால் அனுப்பலாம். அது என் கை இல்லையே.

ஒற்றைக்கண்ணி அக்கா சொன்னதைப் படித்ததும் எனக்கும் நினைவு வந்தது. நான் முதலில் அக்ரிலிக்கில்தான் தீட்டினேன். ஒரு நாள் அம்மா குளியலறையில் வழுக்கினாள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் பயந்துவிட்டாள், இரண்டு மணி நேரம் கையை விடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வைத்திருந்ததிலேயே நல்ல மூன்று தூரிகைகள் கல்லாகிக் கிடந்தன. அக்ரிலிக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரில் கரையாது. எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், ஆனால் டர்பன்டைன் நெடியை அம்மா இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லை.

நீர்வண்ணம் காய்ந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் எழுந்துவிடும். அதிலும் ஈரத்தாளில் வண்ணத்தை ஓடவிடும் முறை எனக்கு ஆகாது. தாள் ஈரம் போவதற்குள் முடித்தாக வேண்டும், நம் வீட்டில் யார் அவ்வளவு நேரம் தருவார்கள்? ஒரு மெல்லிய பூச்சு, அது முழுக்கக் காய வேண்டும், அதன் மேல் இன்னொன்று, இப்படித்தான் போகிறேன். எப்படியும் காயக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் அது இடைஞ்சலே இல்லை. சொல்லப்போனால், கூப்பிடாத நாளில்தான் பொறுமையில்லாமல் ஈரத்தின் மேல் தூரிகை வைத்துப் படத்தைக் கெடுத்திருக்கிறேன்.

அந்தக் கை ஐந்து பூச்சு. இரண்டு நாள், நான்கு தூக்கம்.


ஈரடி (புதன், இரவு 2:25)

தூக்கம் வராமல் இல்லை, தூங்கக் கூடாது. செவிலி அம்மா சொன்ன அந்த இரண்டு மணி நேர வேலை எனக்கு ஆறு வருடமாக. மனைவிக்கு முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. புத்தி மட்டும் கத்தி. தமிழாசிரியையாக இருந்தவள்.

எனக்கு வண்ணமும் வராது, நூலும் வராது. குறள் வெண்பா கட்டுவேன். ஏழே சீர், முதலடியில் நான்கு, இரண்டாவதில் மூன்று. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். சீரோடு சீர் சேர்வது தளை: மா என்று முடியும் சீருக்குப் பின் நிரையசை, விளத்துக்கும் காய்க்கும் பின் நேரசை. தாளும் விளக்கும் தேவையில்லை. இரண்டு கையும் வேலையாக இருக்கலாம். ஒற்றைக்கண்ணி அம்மா சொல்லும் பொருத்தத்தில் இதை விஞ்ச ஒன்றும் கிடையாது என்பது என் கட்சி.

போன மாதம் ஒன்று கட்டினேன். முதலில் "இருமணிக் கொருமுறை" என்று தொடங்கினேன். பக்கம் மாற்றி, முட்டிக்கு நடுவில் தலையணை வைத்துக்கொண்டே சொல்லிக் காட்டினேன். கண்ணைத் திறக்காமலே "விளத்துக்குப் பின்னால் நிரை, தளை தட்டுகிறது" என்றாள். நள்ளிரவில், என் தோளில் சாய்ந்துகொண்டு. மாற்றினேன்:

இருமணிக் கோர்முறை ஏந்திப் புரட்டி
ஒருவரி சேர்த்தேன் உனக்கு.


வெளிப்படை (வியாழன், காலை 6:30)

ஐயா, "ஓர்முறை" தப்பில்லையா? உயிரெழுத்துக்கு முன்னால்தானே ஓர் வரும்? அதோடு இருமணி என்றால் இரண்டு மணி நேரமா, இரண்டு மணியா?


ஈரடி (வியாழன், காலை 7:05)

இரண்டையும் அவளும் சொல்லிவிட்டாள் தம்பி. முதலாவதைச் செய்யுள் என்பதால் விட்டுக்கொடுத்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இரண்டாவதற்கு "இரவு இரண்டு மணிக்குத்தானே சொன்னீர்கள், இரண்டுமே பொருந்துகிறது" என்றாள். எதுகைக்கும் மோனைக்கும் மட்டும் மதிப்பெண் போட்டாள்.


மூடியவயலின் (வியாழன், முற்பகல் 11:00)

கலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். காயாததாள் அண்ணா கேட்ட மூன்றாவது கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

அப்பாவும் நானும் இருபது வருடம் எதிரெதிர் கட்சி. உண்மையான கட்சியும்தான். சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவிட்டுக் கத்துவோம், அம்மா இரண்டு பேரையும் திட்டுவாள். இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால் போனது, கூடவே பேச்சும். ஒரே ஒரு சொல் மிச்சம்: "இல்ல."

அன்றிலிருந்து நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். பாவம் என்று. செய்தியில் அவர் ஆள் பேசினால் "ஆமாப்பா, நல்லாப் பேசுறார்" என்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நோயின் எரிச்சல் என்று நினைத்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர்தான் ஒரு நாள் கேட்டார்: "இவருக்குப் பேச்சுதான் வரல, புரியுறது நல்லாவே இருக்கு. ஏன் குழந்தைகிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க?"

அவமானமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பத்திரிகையை எடுத்துத் தலையங்கத்தைப் படித்துக் காட்டி, நான் என்ன நினைக்கிறேன் என்று பழைய குரலில் சொன்னேன். "இல்ல!" என்றார். ஏன் இல்லை என்றேன். "இல்ல இல்ல இல்ல" என்றார், இடது கையைக் கட்டிலில் அடித்து. இப்போது அந்த ஒரு சொல்லில் எனக்கு எட்டு வகை தெரியும். "நீ சொல்றது தப்பு" ஒரு இல்ல. "அது சரி, ஆனா உன் ஆளுங்க மட்டும் யோக்கியமா" ஒரு இல்ல. மிகச் சின்னதாக ஒன்று உண்டு, அதற்குப் பொருள் ஆமாம்.

கருத்தை விட்டுக்கொடுப்பதுதான் கருணை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது, ஆட்டத்திலிருந்து பெயரை அடித்துவிட்டது போல இருந்திருக்கிறது.

வயலின் பற்றி ஒரு வரி. தந்திகளைத் தாங்கும் கட்டையில், குதிரை என்போம், ரப்பர் மூடி மாட்டிப் பக்கத்து அறையில் வாசிப்பேன், யாருக்கும் கேட்காமல். ஒரு நாள் மூடியில்லாமல் அவர் அருகில் வாசித்தேன். பழைய பாட்டு ஒன்று. மூன்றாவது வரியில் அவர் சொற்களோடு பாடினார். சொற்களோடு! இப்படி நடப்பது உண்டாம், பேச முடியாதவர்களில் சிலருக்குப் பாட வருமாம். 1973-லேயே இதை வைத்து ஒரு பேச்சுச் சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அதனால் பெரிதாகப் பேச்சு திரும்பவில்லை. ஆனால் நான் தாளம் தவறினால் அவர் உள்ளங்கை கட்டிலில் சரியான இடத்தில் அடித்துக் காட்டும். அதிலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.


காயாததாள் (வியாழன், மதியம் 2:40)

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். ஆனால் தங்கை, என் நிலைமை வேறு. அம்மா சாயங்காலம் "வீட்டுக்குப் போகலாம்" என்பாள். இதுதான் வீடு என்று வாதாடினால் அழுகைதான் மிச்சம். எதை எதிர்ப்பது, எதை விடுவது?


பழையசெவிலி (வியாழன், மாலை 4:00)

இரண்டும் வேறுதான். பக்கவாதத்தில் பேச்சு போனவரிடம் விஷயத்தை வாதாடலாம், வாதாட வேண்டும். மறதிநோயில் நடப்பைத் திருத்தப் போகக் கூடாது. "இதுதான் வீடு" என்று நிரூபிப்பது நமக்குத்தான் வெற்றி, அவருக்கு அது பயம். "வீட்டில் யார் இருப்பார்கள், என்ன செய்வாய் அங்கே" என்று கேளுங்கள்.

ஆனால் பிடிக்கும், பிடிக்காது என்பது நடப்பு அல்ல. அது அவருடைய அபிப்பிராயம். அதில் உங்களுக்கும் ஒன்று இருக்கலாம். "எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கலம்மா" என்று சொல்லிப் பாருங்கள். மறதிநோய்க்காரர்களிடம் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். தலையாட்டிகளுக்கு நடுவில் இருப்பது சலிப்பு.

இன்னொன்று. பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையை அளக்க ஒரு வினாத்தாள் உண்டு, ஸாரிட் என்பவர் 1980-ல் கொண்டுவந்தது. இப்போது பரவலாகப் பயன்படுவதில் 22 கேள்வி. உங்களுக்கென்று நேரம் இல்லையா, உடல்நலம் கெட்டதா, கோபம் வருகிறதா, நண்பர்களைப் பார்க்க முடியவில்லையா, எல்லாம் கேட்கும். பலரிடம் அதை நிரப்பி வாங்கியிருக்கிறேன். "கடைசியாக எப்போது ஒருவரிடம் முடியாது என்றீர்கள்" என்று ஒரு கேள்வி இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.


ஆறாயிரம்கிமீ (வியாழன், இரவு 10:15)

யாரும் அக்கா பக்கம் பேசவில்லை, நான் பேசுகிறேன். நான் அந்த அக்கா. அதாவது எங்கள் வீட்டில் தூரத்தில் இருப்பவன் நான், அப்பாவோடு இருப்பது அண்ணன்.

பணம் அனுப்புகிறேன். தினம் வீடியோவில் பார்க்கிறேன். திரையில் அப்பாவின் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். ஒரு தடவை ஏர் பெட் வாங்கலாமே என்றேன். "வந்து பார்த்துட்டுச் சொல்லு" என்றான் அண்ணன், மூன்று வாரம் பேசவில்லை. பிறகு முதுகில் புண் வந்தது, ஏர் பெட்டும் வந்தது. நான் சொன்னது சரியாகிப் போனதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, நம்புங்கள். தூரத்தில் இருப்பவன் எதைக் கேட்டாலும் அது குற்றப்பத்திரிகையாகத்தான் போய்ச் சேர்கிறது. கேட்காவிட்டால் அக்கறையில்லாதவன்.

காயாததாள், அந்தப் படத்தில் அம்மாவின் நரம்பு கூடத் தெரிந்தது என்கிறீர்கள். உங்கள் அக்கா கடைசியாக அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில் எப்போது பார்த்திருப்பார்? முதல் செய்தி கோபம் இல்லை என்று நினைக்கிறேன். பொறாமை. எனக்கு வந்திருக்கும்.


ஒற்றைக்கண்ணி (வியாழன், இரவு 10:50)

பொறாமை என்றால் வந்து பத்து நாள் இருந்து பார்க்கட்டும் தம்பி. நான் கடுமையாகச் சொல்வதாகப் பட்டால் படட்டும், இன்றைக்கு மூன்று முறை விரிப்பு மாற்றியிருக்கிறேன்.


ஆறாயிரம்கிமீ (வியாழன், இரவு 11:05)

படவில்லை அக்கா. அடுத்த மாதம் போகிறேன். அண்ணனுக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு. எங்கே போவாய் என்று கேட்டேன். "எங்கேயும் போகல, மாடி ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போறேன்" என்றான்.


வெளிப்படை (வெள்ளி, காலை 6:20)

ஒற்றைக்கண்ணி கேட்டதால் நேற்று அம்மாவிடம் கேட்டேன். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது, சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். "பாட்டியைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ உனக்குன்னு ஏதாவது செஞ்சியாம்மா?"

அம்மா சிரித்தார். கதை எழுதிய நோட்டு ஒன்று இருந்ததாம். பாட்டி தூங்கிய பிறகு எழுதுவாராம், அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாராம். எத்தனை கதை என்றேன். "ஒம்பதோ பத்தோ. வீடு மாறுறப்போ எங்கேயோ போயிடுச்சு." ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தா உங்க அத்தை என்ன கேட்டிருப்பான்னு நினைக்கிறே?"

அத்தை என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை காலை நானே இங்கே கேட்டேன்.


மூடியவயலின் (வெள்ளி, காலை 8:00)

அண்ணா, ஒரு கதையாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.


வெளிப்படை (வெள்ளி, காலை 8:10)

கேட்டாயிற்று. "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் யோசித்திருக்கிறார் போல. காலையில் எழுந்ததும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார், கதாநாயகி. இன்னும் கதை வரவில்லை.


காயாததாள் (ஞாயிறு, இரவு 9:45)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். அப்புறம் அக்காவுக்குப் போன் செய்தேன். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், இல்லாவிட்டால் வாயில் சரிதான் வரும். "ரெண்டாவதா நீ கேட்டது நியாயம், எடுத்துட்டேன். முதல்ல கேட்டதுக்கு ஆமா, அம்மா தூங்குறப்போ நான் வரைவேன். இனிமேலும் வரைவேன். மாசத்துக்கு ரெண்டு ராத்திரி நீ வந்து இரு" என்றேன். நீண்ட அமைதி. "எனக்கும் இங்க வேலை இருக்குடா" என்றாள். தெரியும் என்றேன், வேறு எதுவும் சேர்க்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை அம்மா தெளிவாக இருந்த நேரம் பார்த்துப் படத்தைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இது எங்கம்மா கை" என்றாள். நான் திருத்தவில்லை. "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "கை நல்லாருக்கு. ஆனா எங்கம்மா நகத்தை இவ்வளவு வளர விடமாட்டா" என்றாள்.

படத்தைப் பார்த்தேன், அம்மாவின் கையைப் பார்த்தேன். நரம்பு வரைந்தேன், சுருக்கம் வரைந்தேன், நகத்தையும் இருந்தபடியே வரைந்திருக்கிறேன். இரண்டு நாள் உற்றுப் பார்த்திருக்கிறேன், வெட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நகவெட்டியை எடுத்து வந்தேன். வழக்கமாகக் கையை இழுத்துக்கொள்வாள். நேற்றுக் கொடுத்தாள், படத்தை மடியில் வைத்துக்கொண்டே.

இன்னொரு விஷயம், ஒற்றைக்கண்ணி அக்காவிடம் கேட்க வேண்டும். சாயங்காலமானால் அம்மா போர்வை ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறாள். நூல் நூலாக வந்துவிட்டது. கையில் வைத்து நெருட ஏதாவது பின்னித் தர முடியுமா என்று ஒருவர் சொன்னார். நானே கற்றுக்கொள்ளும்படி சுலபமாக இருந்தால் நல்லது.


ஒற்றைக்கண்ணி (ஞாயிறு, இரவு 10:20)

முடியும் தம்பி, சுலபம். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நுழைக்கிற மாதிரி ஒரு குழல். தடித்த நூல், 6 மில்லிமீட்டர் குரோஷா ஊசி. அம்மாவின் இரண்டு கையும் தளர்வாக நுழையும் அகலத்துக்குச் சங்கிலிக் கண்ணி போட்டு வட்டமாகச் சேர்த்துவிடுங்கள், பிறகு ஒற்றைப் பின்னலில் சுற்றிச் சுற்றி ஒன்றரைச் சாண் நீளம். வெளியிலும் உள்ளேயும் விரலுக்குத் தட்டுப்படும்படி நாடா, பட்டைத்துணி, முடிச்சு, பெரிய பொத்தான் என்று தைத்துவிட வேண்டும். எந்த நிறம் என்று அம்மாவிடமே கேளுங்கள், நூலைக் காட்டி.


பழையசெவிலி (ஞாயிறு, இரவு 10:35)

பொத்தானை இரட்டை நூலில் இறுக்கித் தையுங்கள். வாரம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள், வாயில் போட்டுவிடக்கூடும். நாடா நீளமாக வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்வார்.